கீழ்த்தொட்டிக்கு ஒரு விளக்கு

வித்யாலட்சுமி கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த மாதத்திலேயே அவளுடைய மீன்தொட்டியும் வந்து சேர்ந்தது. அவளே தூத்துக்குடிக்குப் போய், கூட நின்று குட்டி யானை வண்டியில் ஏற்றி, இரண்டு பழைய மெத்தைகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டி, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தாள். மீன்கள் இரண்டும் மூடி போட்ட வாளியில் இருந்தன. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அந்த வாளியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்தபடி அவள் வந்து இறங்கியதைக் கோமதிசங்கர் வாசலில் நின்று பார்த்தான்.

அவனுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதுதான் முதல் கல்யாணம். தங்கைகள் மூன்று பேரைக் கட்டிக்கொடுத்து, படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்து முடிப்பதற்குள், அவனுடைய கல்யாணம் என்கிற பேச்சே வீட்டில் நின்றுபோயிருந்தது. கடைசித் தங்கை உமாதேவிதான் விடவில்லை. தபால் ஆபீசில் தன்னோடு வேலை பார்த்த வித்யாவைப் பற்றிச் சொன்னவள் அவள்தான். வித்யாவின் முதல் கணவர் செந்தில்வேல் துறைமுகத்தில் இருந்தவர். மாரடைப்பில் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் வேல்விழி தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வித்யா தென்காசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தொட்டியைச் செய்தது செந்தில்வேல். மேலே கண்ணாடித் தொட்டி. அதில் கடல் பாறைகளும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களும். கீழே, கதவு வைத்த மர அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேல் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். கீழ்த்தொட்டியின் ஒரு தடுப்பில், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை உதறிப் போட்டதுபோல ஒரு பாசி உருண்டுகொண்டு கிடந்தது. அதற்குக் கீட்டோ என்று பெயர். மீன் கழிவெல்லாம் தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேரும், அதைத் தின்றுதான் இந்தப் பாசி வளர்கிறது, வளர்ந்ததை வெட்டி வீசினால் அழுக்கும் கூடவே போய்விடும் என்று வித்யா சொன்னாள். அதற்கென்று தலைக்கு மேல் தனியாக ஒரு விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால் பாசி செத்துவிடும், கொஞ்ச நாளில் தண்ணீர் கெட்டு மீனும் செத்துவிடும்.

கோமதிசங்கர் அந்தத் தொட்டியைத் தொடவில்லை. கூடத்தில் அதைச் சுற்றி நடந்து போவான், அவ்வளவுதான். செந்தில்வேலின் சட்டை ஒன்று கொடியில் காய்ந்தால் எப்படி ஒதுங்கிப் போவானோ அப்படி. பொறாமை என்று சொல்ல முடியாது. ஒரு மனிதர் தன் கையால் அளந்து, அறுத்து, ஒட்டிச் செய்த சாமானை, அவர் இடத்துக்கு வந்தவன் என்ன உரிமையில் தொடுவது என்கிற கூச்சம்.

வந்த இரண்டாம் வாரம் கீழ்த்தொட்டி விளக்கு அணைந்துபோனது. அவன் கழற்றிப் பார்த்தான். உப்பு உள்ளே இறங்கி, போர்டு முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

“இனி இது எரியாது, வித்யா” என்றான். சொல்லும்போதே அவனுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. “லைட்டுதான? அது நம்ம டிபார்ட்மெண்டு. நான் பாத்துக்கிடுதேன்.”

வித்யா ஏதோ சொல்ல வந்தாள். அவன் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் அவனுக்கு எலக்ட்ரிக் கடை. சாரல் சீசன் வந்தால் அருவிக்கரைக் கடைகளில் பாதிக்கு அவன்தான் விளக்குப் போடுவான். மழையிலும் காற்றிலும் ஈரத்திலும் நின்று எரிகிற விளக்கு எது என்று அவனுக்குத் தெரியும். கடையில் இருந்ததிலேயே நல்ல ஃப்ளட் லைட் ஒன்றை எடுத்தான். பெரிய வாட்ஸ், பால்போல வெள்ளை, தண்ணீர் புகாத கூடு. அதை அலமாரிக்குள் பாசிக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டி சுவிட்சைப் போட்டபோது, மரக்கதவின் இடுக்கு வழியாகக் கூடம் முழுக்க வெளிச்சம் கீற்றுக் கீற்றாய் விழுந்தது.

“கண்ணு கூசுதே” என்றாள் வித்யா.

“செடிக்கு வெளிச்சம் எவ்வளவு கெடச்சாலும் நல்லதுதான? ராத்திரி பகல் எரியட்டும்.”

“சரி” என்றாள் அவள்.

முதல் சில நாட்கள் பாசி செழிப்பாகத்தான் தெரிந்தது. அவன் தினம் காலையில் குனிந்து பார்த்துவிட்டு, தன் கையால் பிழைத்த ஒன்று என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனான். பிறகு ஒரு நாள் மேல்பக்கம் வெளுத்திருந்தது. அடுத்த வாரம் உருண்டை முழுவதும் சோற்றுக் கஞ்சி நிறத்துக்கு வந்து, விரலால் தொட்டால் பிய்ந்தது. அந்தத் துணுக்கெல்லாம் மோட்டார் வழியாக மேலே ஏறியது. மேல் தொட்டியின் பாறைகளில் பழுப்பு நிறத்தில் ஒரு வழுக்கல் படர்ந்தது. வித்யா சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, நைட்ரேட் ஏறியிருக்கிறதா என்று மருந்து விட்டுப் பார்த்தாள். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. மீன்களில் பெரியது தீனியைப் பார்த்தும் பாராமல் மூலையில் நின்றது.

அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினாள். உப்பைக் கரைத்தாள், ஊற்றினாள், ஆபீசுக்குப் போனாள். ஒரு நாள் விடியற்காலையில் அவன் எழுந்து வந்தபோது, அவள் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் கீழ்த்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் சும்மா கிடந்தது. அவன் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். அவர் ஞாபகம், என்று நினைத்தான். நான் அவர் வைத்துவிட்டுப் போனதைக் கொன்றுவிட்டேன்.

கடைக்குப் போனதும் வேல்விழிக்குப் போன் போட்டான்.

அது அவனுக்குச் சாதாரணக் காரியம் இல்லை. வேல்விழி கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், சாயங்காலம் பஸ்ஸில் ஏறிப் போனாள். தினம் அம்மாவுக்குப் போன் பேசுவாள். அவன் எடுத்தால் “அம்மா இருக்காங்களா?” என்பதற்கு மேல் வராது. அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

“நான்தாம்மா கோமதிசங்கர் பேசுதேன்.”

“அம்மாவுக்கு என்ன?” குரல் பதறியது.

“அம்மா நல்லா இருக்கா. தொட்டிதாம்மா… பாசி செத்துப் போச்சு. நான் போட்ட லைட்டுதான் காரணம்னு நெனைக்கேன்.”

“என்ன லைட்டு?”

சொன்னான். எவ்வளவு உயரம், எத்தனை நேரம் எரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். ராத்திரி பகலாக என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

“அய்யோ! வெந்துல்லா போயிருக்கும். அதுக்கும் தூங்க நேரம் வேணும்லா? வெளிச்சம் கூடுதலாப் போயி, தின்ன சத்தும் பத்தாம வெளுத்துருக்கும்.”

“இப்ப என்ன லைட்டு போடணும்னு நீ சொல்லு. எங்க கெடச்சாலும் வாங்கிருதேன்.”

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“அவகிட்ட எந்த முகத்தோட கேக்க? அவ பாவம், காலையில அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அப்பா ஞாபகம் போல.”

“அப்பா ஞாபகமா?” வேல்விழியின் குரலில் சிரிப்புப் போய் வேறு ஏதோ வந்தது. “மீனும் பாறையும்தான் அப்பாவுக்கு. கீழ்த்தொட்டிப் பக்கம் அப்பா குனிஞ்சு பாத்ததே கெடையாது. பாசி வளத்தது, லைட்டு மாத்திப் பாத்தது, வெட்டுனது எல்லாம் அம்மா. அதுல கை வச்சா அப்பாவுக்கே திட்டு விழும். நீங்க கேக்கவே இல்லையா?”

கோமதிசங்கர் போனை வைத்தான். கடைக்கு வந்தவர் ஒருவர் ஹோல்டர் கேட்டார். இவன் ஃபியூஸ் கட்டையை எடுத்துக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அவன் தபால் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். ஐந்தருவிப் பக்கம் அஃப்சலின் பழக்கடைக்கு விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூட வருகிறாயா என்று கேட்டான். வித்யா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சாரல். அவன் முதுகு நனைந்ததும் அவள் தன் துப்பட்டாவின் ஒரு முனையை இழுத்து அவன் தோளில் போட்டாள். அவனுக்கு வண்டியை நேராக ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது.

அஃப்சல் ஒரு ஸ்டூலைத் துடைத்து வித்யாவுக்குப் போட்டு, கை நிறைய ரம்புட்டான் கொடுத்தான். “சாப்பிடுங்க மதினி. அண்ணாச்சி வேலை முடிக்க நேரமாகும்.” அதற்குள் யாரோ மங்குஸ்தான் விலை கேட்க, அவன் அந்தப் பக்கம் போனான்.

கோமதிசங்கர் ஏணியில் ஏறி நின்று, ஒயரை உரித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான். “கீழ்த்தொட்டி உன்னோடதுன்னு நீ சொல்லவே இல்லையே.”

வித்யா தோலை உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “யாரு சொன்னா?”

“வேல்விழி.”

“அவளுக்கா போன் பேசுனீங்க?”

“ஆமா. நான் பெரிய வெவரம் மாதிரி மாட்டிவச்சேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

அவள் பாதி உரித்த பழத்தை மடியில் வைத்தாள். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “நீங்க அந்தத் தொட்டிப் பக்கமே வர மாட்டீங்க. வீட்டுக்குள்ள சுத்திச் சுத்திப் போவீங்க. நான் அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொண்டு வந்திருக்கக் கூடாதோன்னு கூட நெனச்சேன். அன்னைக்குத்தான் மொத மொதல்ல அவ்வளவு ஆசையா வந்து குனிஞ்சீங்க. அதுல போயி, இந்த லைட்டு ஆகாது, எடுங்கன்னு எப்படிச் சொல்ல? பாசி செத்தா வேற வாங்கிக்கிடலாம்னு விட்டுட்டேன்.”

அவன் ஏணியை விட்டு இறங்கினான். டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தான்.

“அப்ப காலையில அங்கன உக்காந்திருந்தது?”

“கைக்கு வேலை இல்லாம ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றாள் வித்யா. “தெனமும் காலையில அதைப் புரட்டிப் போட்டு, வெளுத்தது பழுத்ததைக் கிள்ளிட்டுத்தான் காபியே போடுவேன். பழகிப் போச்சு.”

கோமதிசங்கருக்கு நெஞ்சில் இருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போலவும், தலையில் யாரோ குட்டியது போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. “சரி, இப்ப சொல்லு. எந்த லைட்டு?” என்றான். “உனக்கு எது வேணுமோ அது. நான் மாட்ட மட்டும் செய்யுதேன்.”

அவன் கொண்டுவந்த பையில் நாலைந்து வகை இருந்தன. அவள் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். ஒவ்வொன்றின் கீழேயும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். நீலம் கலந்த வெள்ளையை வேண்டாம் என்றாள். மேல் தொட்டிக்கு அது சரி, பாறைக்கும் மீனுக்கும் அழகாக இருக்கும், பாசிக்கு அது மட்டும் போதாது. மஞ்சள் வெள்ளைக்கு ஆகட்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். கடைசியில் அவள் கை போய் நின்றது அஃப்சல் கடையில் ரம்புட்டான் குவியலுக்கு மேல் தொங்கிய விளக்கின் கீழே. அது ஒரு மாதிரி ரோஜா நிறம். பழத்தைச் சிவப்பாகக் காட்டுவதற்கென்றே வருகிற விளக்கு, கறிக்கடைகளிலும் போடுவார்கள்.

“இது என்னது?”

“இதா? இது சும்மா ஏமாத்து லைட்டு, வித்யா. காயைக் கூடப் பழமாக் காட்டும்.”

“சேப்பு கூடுதலா இருக்குல்லா?”

“ஆமா, சேப்பும் நீலமும் தூக்கலா இருக்கும். பச்சை கொறவு.”

“பாசி தின்னுறது அதைத்தான். பச்சை வெளிச்சத்தை அது அப்படியே திருப்பி அனுப்பிரும், அதனாலதான் நமக்குப் பச்சையாத் தெரியுது. முன்ன இருந்த லைட்டும் கிட்டத்தட்ட இந்த நெறந்தான்.” அவள் விளக்கை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தாள். “இதுல சின்னதா, சூடு கொறஞ்சதா இருக்கா?”

இருந்தது. கடையில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. இருபது வருஷமாக விளக்கு விற்கிறவன், அந்த விளக்கை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோக வெட்கப்பட்டிருப்பான்.

சனிக்கிழமை வேல்விழி வந்தாள். வருகிறேன் என்று முன்னால் சொல்லவில்லை. கையில் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த ஒரு பிடி கீட்டோ. கூடப் படிக்கிற தங்கத்தாயின் தொட்டியிலிருந்து வாங்கி வந்தாளாம். வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் போய்ப் பெரிய மீனைப் பார்த்தாள். அது மூலையிலேயே நின்றது. “பொழச்சுக்கிடும்” என்று தனக்குத்தானே சொன்னாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கோமதிசங்கர் உப்புத் தெறிக்காமல் இருக்க விளக்கின் முகத்துக்கு அக்ரிலிக் தகடு வெட்டி, ஓரமெல்லாம் சிலிகான் பூசினான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி வைத்தான். வித்யா உயரம் சொன்னாள். பாசி மேல் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. பக்கத்துத் தடுப்பில் வெளிச்சம் விழுந்தால் அங்கேயும் கண்ட பாசி முளைக்கும் என்று அவள் சொன்னதும், அவன் கறுப்புத் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்தான். திருகியைப் பாதிக்கும் கீழே வைத்து ஆரம்பிக்கச் சொன்னாள். “மெதுவா ஏத்திக்கிடலாம். புது எடம். அது பழகணும்லா?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பாசியைத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“டைமர் எப்பிடி வைக்க?” என்று கேட்டான். இந்தத் தரம் கேட்டான்.

“மேல லைட்டு அணையுறப்ப கீழ எரியணும்” என்றாள் வேல்விழி. “இருட்டுல எல்லாமே மூச்சு விட்டு விட்டுத் தண்ணி புளிப்பேறும். கீழ பாசி முழிச்சிருந்தா அந்தக் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிடும். அது தூங்குறப்ப மேல வெளிச்சம் இருக்கும்.”

“அப்ப ஷிப்ட் டூட்டி.”

“ஆமா” என்றாள் வேல்விழி. அவனைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் அன்று தங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவன் பரோட்டா வாங்கி வந்தான். மூன்று பேரும் கூடத்திலேயே சாப்பிட்டார்கள். அலமாரி இடுக்கு வழியாக வந்த ரோஜா வெளிச்சத்தில் இலை, சால்னா, கை எல்லாமே ஒரு நிறமாக இருந்தன.

பாசி உடனே ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது. கோமதிசங்கர் திருகியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று நூறு தரம் நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பிறகு உருண்டையின் ஓரத்தில் இளம்பச்சையாகப் புது இழைகள் கிளம்பின. வித்யாவின் கண்ணாடிக் குழாயில் சிவப்பு வெளிறி ஆரஞ்சாக, ஆரஞ்சு மஞ்சளாக வந்தது. பாறையின் பழுப்பு வழுக்கல் தானாக உரிந்தது. ஒரு காலையில் பெரிய மீன் மேலே வந்து, அவன் விரலிலிருந்து விழுந்த தீனியைச் சின்னதுக்கு விடாமல் தட்டிப் பறித்தது. அவன் சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினான். வித்யா கரண்டியோடு ஓடிவந்தாள்.

சீசன் முடிகிற சமயத்தில் தடுப்பு நிறையப் பாசி. வித்யா அதை ஒரு தட்டில் எடுத்து வைத்து, கத்தரியை அவன் கையில் கொடுத்தாள். அவன் தயங்கினான்.

“வெட்டுங்க. வெட்டுனாத்தான் வளரும்.”

வெட்டினான். உதிர்ந்த இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூச்சிகள் துள்ளின. அவள் ஒரு கிண்ணத்தில் அலசி, அவற்றை மறுபடி தொட்டியிலேயே விட்டாள். மீனுக்கு அது விருந்து.

வெட்டியதில் ஒரு பங்கைத் தங்கத்தாய்க்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வேல்விழி சொல்லியிருந்தாள். தங்கத்தாய் தொட்டியில் மோட்டார் நின்று எல்லாம் போய்விட்டதாம். கோமதிசங்கர் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். பார்சல் எடுக்கிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒழுகும் அண்ணாச்சி, நாறும் அண்ணாச்சி என்று கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து வித்யாவிடம் சொன்னான்.

“அப்ப நாமளே கொண்டு போயிட்டு வருவோமா?” என்றாள் அவள்.

தூத்துக்குடிக்கு. அவள் செந்தில்வேலோடு வாழ்ந்த ஊர். கல்யாணத்துக்குப் பிறகு அவனோடு அவள் அந்த ஊருக்குப் போனதில்லை. அங்கே தெருவில் யாராவது நின்று, இது யாரு என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்லுவாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

“போவோம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோரம் வித்யா உட்கார்ந்தாள். டப்பா அவன் மடியில் இருந்தது. மூடி இடுக்கில் கசிந்த உப்புத் தண்ணீர் அவன் புது வேட்டியில் வட்டமாய்ப் பரவியது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, கீரையா?”

“பாசி” என்றான் கோமதிசங்கர். “எங்க வீட்டம்மா வளத்தது.”